காப்புக் கட்டியவனுக்கு முதல் கிளாஸ்

1

இந்த ஊரில் நான் பீர் குடிப்பவன் இல்லை. பீரைப் பற்றி எழுதுபவன். இந்த வித்தியாசத்தை என் அண்ணன் சுப்பையாவுக்கு ஏழு வருடமாக விளக்கி வருகிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டுக்கும் பாட்டிலத் தெறந்துதானே ஆகணும்?" என்பார். 

ஜெர்மனிக்கு வந்து இந்தச் சித்திரையோடு பதினெட்டு வருடம் ஆகிறது. பொன்னமராவதிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்து, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் எட்டு வருடம் வெல்டிங் செய்து, பிறகு இந்தத் தெற்கு ஜெர்மனிச் சிற்றூரில் பால் பண்ணைக்கு எந்திரம் செய்யும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தவன் நான். வருடா வருடம் இந்தச் சமயத்தில் ஊர் நண்பர்கள் படிக்க நாலு பக்கம் எழுதி அனுப்புவேன். வழக்கமாகக் குளிரைத் திட்டுவேன். இந்த வருடம் அதற்கு நேரமில்லை. வலது மணிக்கட்டில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. அது வந்த கதையைச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

2

பீர் விஷயத்தில் என்னை இழுத்துவிட்டது அரசாங்கம்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் குடியுரிமை பற்றி விசாரிக்கப் போனபோது, அலுவலகத்தில் இருந்த அம்மா என் கோப்பைப் புரட்டிவிட்டு, உள்ளூரில் ஏதாவது சங்கத்தில் சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டார். கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது என்றார். அரசாங்க ஆள் 'இருந்தால் நல்லது' என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரனுக்கு அது கட்டாயத்துக்கும் ஒரு படி மேல்.

இந்த ஊரில் மூன்று சங்கங்கள். தீயணைப்புத் தொண்டர் சங்கத்துக்கு எனக்கு வயது கடந்துவிட்டது. துப்பாக்கி சுடும் சங்கம் என்றதும் என் மனைவி மல்லிகா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது பீர் ருசிக்கும் சங்கம். துப்பாக்கிக்கு இது தேவலை என்று அவளே முடிவு செய்தாள்.

நாம் நினைக்கிற மாதிரி அது குடிகாரர் கூட்டம் இல்லை. இருபத்து நாலு பேர், எல்லாரும் மூக்குக் கண்ணாடி போட்டவர்கள். பருவத்துக்கு ஒரு முறை மாதா கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். சுற்றுவட்டாரத்துச் சின்னச் சின்ன ஆலைகள் அந்தப் பருவத்துக்கென்று காய்ச்சும் பீரைக் கால் கிளாஸ் கால் கிளாஸாக ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, ஒரு மிடறு விழுங்கி, யோசித்து, தடித்த நோட்டு ஒன்றில் ஆளுக்கு அரைப் பக்கம் எழுத வேண்டும். தலைவர் ஹெல்முட், ஓய்வு பெற்ற தபால்காரர், எழுதியதை எல்லாம் உரக்கப் படிப்பார். பிறகு சங்கத்தின் இணையப் பக்கத்திலும் ஏற்றிவிடுவார். ஊரில் கடைவாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற காரியத்தை இங்கே கல்யாணத்துக்கு உடுத்துகிற சட்டையோடு செய்கிறார்கள். எனக்கு அது பழகவே இரண்டு வருடம் ஆனது.

3

எழுதுவதுதான் பெரிய பாடு. மற்றவர்கள் மால்ட்டின் சமநிலை, கசப்பின் வால் என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொற்கள் தெரியாது. தெரிந்ததை எழுதினேன். முதல் வசந்தத்தில் ஒரு கோதுமை பீர் கொடுத்தார்கள். மூடி வைத்துப் புகைபோட்டுப் பழுக்கவைத்த பூவன் தாருக்குள் யாரோ கிராம்பைச் சொருகிவிட்டார்கள் என்று எழுதினேன். ஹெல்முட் படித்து முடித்ததும் மண்டபம் சிரித்தது. சிரித்த பிறகு எல்லாரும் மறுபடி கிளாஸை எடுத்து முகர்ந்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.

கோடையில் வரும் கசப்பு பீருக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் மாங்காய்ப் பாலும். இலையுதிர் காலத்துப் புளிப்பு பீருக்கு மூன்றாம் நாள் நீராகாரம். குளிர்காலத்துக் கறுப்பு பீருக்கு அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு. வருடம் நாலு பருவம், பருவத்துக்கு ஐந்தாறு பீர். வெறும் வெயில், கொடும் வெயில் என்று இரண்டே பருவம் தெரிந்த புதுக்கோட்டைக்காரன் நான், நாலு பருவத்துக்கும் மூக்கை வாடகைக்கு விட்டேன்.

ஒரு தடவை ஒரு பீரைக் கழனித் தண்ணி என்று எழுதிவிட்டேன். ஜெர்மன் மொழியில் அதற்கு ஒரே சொல் இல்லாததால், 'அரிசி களைந்து மாட்டுக்கு வைக்கும் நீர்' என்று விளக்கமாகவே எழுதினேன். அடுத்த வாரம் அந்த ஆலைக்காரர் நாற்பது கிலோமீட்டர் காரோட்டி வந்து வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. மல்லிகா சண்டைக்கெல்லாம் போகவில்லை. அன்றைக்குக் களைந்து வைத்திருந்த தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து வந்து நீட்டினாள். அவர் முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். நன்றி சொல்லிவிட்டுப் போய்ப் பார்லியை மாற்றினார். அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் என் மூக்குக்குத் தனி மதிப்பு.

வீட்டில்தான் மதிப்பில்லை. மகள் தேன்மொழிக்கு இருபத்தொரு வயது, சிங்கப்பூரில் பிறந்தவள். மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஒரு நகரத்தில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். பீர் நோட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அப்பன் கோமாளித்தனம் செய்கிறான் என்று நினைக்கிறாள் போல என்று நானும் விட்டுவிட்டேன். இந்த ஊர்க்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பதைவிட அவள் சிரிக்காமல் இருப்பது எனக்கு வலித்தது.

4

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் ஊர்ச் சதுக்கத்தில் வசந்த பீரின் முதல் பீப்பாயைத் திறப்பார்கள். சங்கம் தேர்ந்தெடுத்த ஆள் முதல் கிளாஸைக் குடித்து ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். அதுவரை வேறு யாரும் வாயில் வைக்கக் கூடாது. பதினோரு வருடமாக அந்த முதல் கிளாஸ் மருந்துக்கடைக்காரர் கையில் இருந்தது. இந்த வருடம் எனக்குக் கொடுக்க வேண்டும் என்று ஹெல்முட் மூன்று கூட்டங்களில் போராடினார். வெளிநாட்டில் பிறந்தவன் கையில் அந்தக் கிளாஸ் போனதே இல்லை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். ஹெல்முட் எழுந்து, பீர் மட்டும் ஜெர்மனியிலா பிறந்தது என்று கேட்டாராம். ஓட்டெடுப்பில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் எனக்குக் கிடைத்தது.

ஊர்க் கோயிலில் முதல் பரிவட்டத்துக்கு நடக்கிற அதே அடிதடிதான். இங்கே மேசைமேல் தண்ணீர்க் குவளை வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள்.

5

அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணன் வீடியோவில் வந்தார். தூக்கக் கலக்கத்தில் எடுத்தேன். பின்னால் மேளம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிராக்டரிலிருந்து விழுந்ததில் வலது காலுக்குத் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அந்த விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

மாரியம்மன் திருவிழாவில் எங்கள் வகையறாவுக்கு ஒரு காப்பு உண்டு. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால் ஒன்பது நாள் கவுச்சி கூடாது, மது கூடாது, எல்லை தாண்டக் கூடாது. அந்த வீட்டுக்கே இது பொருந்தும். கட்டியவன் தினமும் கோயிலைச் சுற்றி வர வேண்டும்; ஒடிந்த காலோடு அது ஆகாது. எங்கள் கிளையில் ஆண்கள் அண்ணனும் நானும் மட்டுமே. அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு வருடம் எங்கள் கிளையில் காப்புக் கட்ட ஆள் இல்லாமல் போனால், அந்தக் காப்பும் அதோடு வரும் பரிவட்டமும் பங்காளி செல்லையாவுக்குப் போய்விடும். செல்லையா, அண்ணனுக்கு அருகிலேயே சலவை வேட்டியோடு தயாராக நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, ஒனக்கு அங்கிட்டு இருந்தே கட்டிரலாம்னு பூசாரி சொல்லிட்டாரு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

அப்பா போன பிறகு அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்றேன்.

கட்டிய விதத்தை எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். திரையில் என் முகம் தெரிந்த அண்ணனின் கைப்பேசியை வேப்பிலை பரப்பிய பித்தளைத் தட்டில் வைத்து, அதைச் சுற்றி மஞ்சள் கயிற்றைக் கட்டினார் பூசாரி. அதே நேரத்தில் இங்கே நானும் என் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். மல்லிகா தையல் நூலை முறுக்கி, சமையல் மஞ்சளில் தோய்த்து ஒரு முனையைப் பிடித்தாள். இன்னொரு முனையை நான் பல்லால் கடித்து இழுத்தேன். மணிக்கட்டைப் போலவே பற்களும் மஞ்சளாயின. இனிமேல் தினமும் சாயங்காலம் கைப்பேசியைத் தட்டில் வைத்து, சார்ஜ் போட ஒரு பெட்டியும் கூடவே வைத்து, பூசாரி கோயிலைச் சுற்றி வருவார். ஒடிந்த காலோடு அண்ணன் சுற்றக் கூடாது, ஆனால் போன் சுற்றலாமா என்று செல்லையா கேட்டதற்கு, போனுக்குக் கால் இருந்தால்தானே ஒடிவதற்கு என்று பூசாரி சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்து பல் துலக்கிவிட்டு வந்து காபி போடும்போதுதான் குளிர்பெட்டிக் கதவில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமையைச் சிவப்பு மையால் நானே வட்டம் போட்டிருந்தேன். அன்று காப்புக் கட்டி ஏழாம் நாள்.

6

அடுத்த நாளே செல்லையா எல்லைப் பிரச்சினையைக் கிளப்பினார். மாணிக்கத்துக்கு எல்லை எது என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டார். மாணிக்கம் நான்தான். இங்கே ஊர் முகப்பில் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் இருக்கும். ஊரைவிட்டுப் போகும்போது அதே பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். இரண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். கோடு போட்ட பலகை ஊரில் எல்லாருக்கும் மிகவும் பிடித்துப்போனது. இவ்வளவு தெளிவான எல்லை நம்மிடமே இல்லை என்று பாராட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

புதன்கிழமை எனக்குக் குடியுரிமைக் கடைசி நேர்காணல். அலுவலகம் இருப்பது பலகைக்கு அப்பால் இருபது கிலோமீட்டரில். போன் செய்து, மதக் காரணத்தால் ஊரைவிட்டு வெளியே வர முடியாது என்றேன். தடை விதித்தது யார் என்று கேட்டார் அந்த அம்மா. மாரியம்மன் என்றேன். அந்த அம்மையாரிடமிருந்து எழுத்து மூலமாக ஏதாவது வேண்டும் என்றார். கோயில் கமிட்டி லெட்டர் பேடில் வட்ட முத்திரையோடு ஒரு மணி நேரத்தில் சான்றிதழ் வந்துவிட்டது. கணினியில் இதற்குப் பிரிவு இல்லை என்று வெகு நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'தொற்றுநோய்த் தனிமை' என்ற பிரிவில் போட்டு இரண்டு வாரம் தள்ளி வைத்தார். சீக்கிரம் குணமாகுங்கள் என்றும் சொன்னார்.

7

அரசாங்கத்தைச் சமாளித்துவிட்டேன். ஹெல்முட்டை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டினேன். எனக்காக மூன்று கூட்டம் போராடிய மனிதர். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கயிற்றைத் தொடாமல் உற்றுப் பார்த்துவிட்டு, கயிறு எத்தனை வருடப் பழக்கம் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். நல்லது, தெரியாதவைதான் உறுதியானவை என்று சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் ஒரு வழி இருந்தது: தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குத் தவிர்க்க முடியாத தடை ஏற்பட்டால் அவர் வீட்டைச் சேர்ந்த ஒருவர் முதல் கிளாஸைக் குடிக்கலாம். அப்படியும் ஆள் இல்லையென்றால் கிளாஸ் முந்தைய வருடத்து ஆளுக்குப் போகும். அதாவது மருந்துக்கடைக்காரருக்கு.

மல்லிகா மாட்டேன் என்றாள். காப்புக் கட்டிய வீட்டு அடுப்பு அவள் பொறுப்பு. மிச்சம் தேன்மொழி ஒருத்திதான். வார இறுதிக்கு வருகிறாள்.

ஆனால் மருந்துக்கடைக்காரர் விடவில்லை. வேறு நகரத்தில் இருக்கும் பெண் எப்படி உங்கள் வீட்டைச் சேர்ந்தவள் ஆவாள் என்று கேட்டார். நகராட்சியில் பார்த்ததில், அவள் போய் மூன்று வருடமாகியும் முகவரியை மாற்றிப் பதியவே இல்லை. காகிதப்படி இன்னும் என் வீடுதான். அவள் சோம்பலை நான் திட்டாத நாள் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

செல்லையாவுக்கும் இதற்குள் செய்தி போயிருந்தது. காப்புக் கட்டியவன் வீட்டுப் பிள்ளை மதுவைத் தொட்டால் காப்பு முறிந்தது என்றுதான் அர்த்தம் என்றார். அதில் அவர் சொன்னது நியாயம். ஆக, இங்கே கிளாஸ் நிலைக்க வேண்டுமானால் தேன்மொழி என் வீட்டைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும். அங்கே காப்பு நிலைக்க வேண்டுமானால் அவள் என் வீட்டைச் சேராதவளாக இருக்க வேண்டும். ஒரே பெண்தான், ஒரே சனிக்கிழமைதான்.

அண்ணன் ஒரு இரவு முழுக்க யோசித்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் கூட்டத்தின் முன்னால் சொன்னார்: "அந்தப் புள்ள தனியா ஒல வச்சுச் சாப்புடுது. தனி ஒல வச்சா தனிக் குடும்பம். நம்ம வழக்கம் அதுதானே, செல்லையா?" செல்லையாவே அப்படிச் சொல்லித்தான் தன் அண்ணனிடமிருந்து பாகம் பிரித்தவர். அவரால் மறுக்க முடியவில்லை.

காப்பு பிழைத்தது. கிளாஸும் பிழைத்தது. நான் துள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மல்லிகா வெங்காயம் இல்லாத சாம்பாரைக் கிண்டியபடி அழுதுகொண்டிருந்தாள். கல்யாணம் ஆகாத பிள்ளையை ஊர் கூடி வேறு வீடு என்று சொல்லிவிட்டதே என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் நம்மை விட்டுப் போய்விட்டாளா என்று மூன்று வருடமாக நாங்கள் இருவரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. ஊர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டது.

8

மத்தியான ரயிலில் தேன்மொழி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு, முகம் கழுவி, சுடிதார் மாற்றிக்கொண்டு வந்தாள்.

சதுக்கத்தில் இருநூறு பேர் நின்றார்கள். மல்லிகா கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். மறுமுனையில் கோயில் வாசலில் தட்டில் இருந்த கைப்பேசியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. நான் தொடுகிறேனா என்று கண்ணால் பார்க்காமல் விட மாட்டேன் என்று செல்லையா முன்வரிசையில் இருந்தார். பீப்பாயைத் திறந்து ஹெல்முட் முதல் கிளாஸைப் பிடித்தார். பொன்னிறம், விரல்கடை உயரத்துக்கு நுரை. அதை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மகளைப் பார்த்துத் தலையசைத்தேன். பெற்ற மகள் பீர் குடிப்பதைப் பார்க்க ஒரு தகப்பன் இப்படி வேண்டிக்கொண்டு நிற்பான் என்று என்னிடம் முன்பு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அவள் வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணை மூடி முகர்ந்தாள். ஒரு மிடறு எடுத்து நாக்கில் நிறுத்தி விழுங்கினாள். புதுசாகச் செய்கிறவள் கை அப்படி இருக்காது என்பது எனக்குப் புரிந்தது, ஊருக்கும் புரிந்திருக்கும். சதுக்கம் அவளுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

"பதநீர்," என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒரு சொல் சொல்லிவிட்டதால் விதி நிறைவேறியது. ஹெல்முட் கையை உயர்த்தினார், இருநூறு பேரும் பீப்பாய்ப் பக்கம் பாய்ந்தார்கள்.  கைப்பேசிக்குள்ளிருந்து செல்லையாவின் குரல் கேட்டது. "வெயில் ஏறுன பதநியா, எறக்குன ஒடனே குடிக்கிறதான்னு கேளுங்க," என்றார்.

கூட்டம் கலைந்ததும் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், பதநீரை எப்போது குடித்தாய் என்று கேட்டேன். ஊருக்கு அவள் வந்ததே இரண்டு தடவை. இரண்டு தடவையும் வயிற்றுப்போக்கு. பொட்டலத் தண்ணீரும் பிஸ்கட்டுமாகக் கட்டிலில் கிடந்துவிட்டுத் திரும்பியவள். குடித்ததே இல்லை என்றாள். போன வருடம் ஒரு பீருக்கு நான் அப்படி எழுதியிருந்தேனாம். நான் எழுதி இணையத்தில் ஏறியதும், அங்கே கடையில் அதே பீரைத் தேடி வாங்கி, என் அரைப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிடறாகக் குடிப்பாளாம். மூன்று வருடமாக ஒன்றையும் விடவில்லையாம். இதையெல்லாம் ஜெர்மனில்தான் சொன்னாள். பிறகு தமிழுக்கு மாறினாள்.

"ஊர்ல எது எப்படி ருசிக்கும்னு எனக்கு அதுலதாம்ப்பா தெரியும். அடிப்பிடிச்ச கருப்பட்டி தெரியும். நீராகாரம் தெரியும். கோட்டைப்பட்டினத்துப் படகுல காயுற வலைகூடத் தெரியும்."

 அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அவள் முகத்தை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை. கோட்டைப்பட்டினத்தில் நான் படகு ஏறியதே கிடையாது. காயும் வலையை முகர்ந்ததும் கிடையாது. எழுத ஒன்றும் தோன்றாத ஒரு நவம்பரில், இந்த ஊர்க்காரர்கள் சிரிக்கட்டும் என்று அடித்துவிட்டது அது. அப்படி அடித்துவிட்டவை இன்னும் எத்தனையோ.

திங்கட்கிழமை காப்பை அவிழ்த்தார்கள். என் சார்பில் அண்ணனுக்கு நாற்காலியிலேயே பரிவட்டம் கட்டினார்கள். டிசம்பரில் தேன்மொழியோடு ஊருக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவள் வந்து இறங்குவதற்கு முன்னால் எது மெய், எது நான் அடித்துவிட்டது என்று ஒரு பட்டியல் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். ஏழு வருட அரைப் பக்கங்களையும் திறந்து படித்தேன். பாதிக்கு மேல் எனக்கே தெரியவில்லை. அவளோடு சேர்ந்து நானும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்க வேண்டியதுதான்.